இருபுறமும் தெரியாத எண்

கரும்புக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் எஃப்.ஆர்.பி. எனப்படும் நியாயமான ஆதாய விலையைச் செய்தித்தாள்கள் ஒற்றைத் தொகையாகவே போடுகின்றன. 2025-26 அரவைப் பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய், அதாவது டன்னுக்கு 3,550 ரூபாய் என்பது செய்தி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புகிறவர் இந்தத் தொகையை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவார். ஏனென்றால் 355 ரூபாய் என்பது 10.25 சதவீதப் பிழிதிறன் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) உள்ள கரும்புக்கு மட்டும். அதற்கு மேலே ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் ஏறும். கீழே போனால் அதே வீதத்தில் இறங்கும். இறங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. பிழிதிறன் 9.5 சதவீதமோ அதற்குக் குறைவோ ஆனால் விலை 329.05 ரூபாயில் நின்றுவிடும். சரிபார்ப்பது எளிது: 10.25க்கும் 9.5க்கும் இடையே ஏழரைப் படி, ஏழரையை 3.46ஆல் பெருக்கினால் 25.95, அதை 355இல் கழித்தால் 329.05. அரசாணையின் மொழியில் மறைந்திருப்பது ஒரு நேரிய சமன்பாடும், அது எதுவரை செல்லும் என்று சொல்லும் ஓர் அசமன்பாடும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை. பள்ளியில் மட்டும் இவ்விரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பாடங்களாக, ஒன்றையொன்று அறியாதவைபோல வருகின்றன. தெரியாத எண் இருபுறமும் வரும் சமன்பாட்டில் மாணவர்கள் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இந்தப் பிரிவினைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், இருபுறமும் தெரியாத எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு விலை, ஓர் அளவு, ஒரு மொத்தம் என்று ஒரே விவகாரம் இருக்கும்வரை அது வருவதில்லை. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போதுதான் வருகிறது. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் மரவள்ளி விளைகிறது. அறுத்த கிழங்கை வயலுக்கே வரும் வியாபாரியிடம் விற்கலாம், அல்லது லாரி பிடித்து ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்பலாம். விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை சந்தை நிலவரம் அல்ல. வியாபாரி டன்னுக்கு 7,000 ரூபாய் தருகிறார். ஆலையில் 8,200 ரூபாய் கிடைக்கும், ஆனால் லாரி வாடகை ஒரு நடைக்கு 9,000 ரூபாய். கிழங்கின் எடையை 'ய' டன் என்று குறித்தால் வியாபாரியிடம் கிடைப்பது 7000ய, ஆலையில் மிஞ்சுவது 8200ய − 9000. தெரியாத எண் இருபுறமும் வந்துவிட்டது. தியாகதுருகத்தில் மக்காச்சோளத்தையோ மணிலாவையோ களத்திலேயே விற்பதா, மார்க்கெட் கமிட்டிக்கு வண்டி கட்டுவதா என்ற கேள்விக்கும் இதே உருவம்தான். இங்கே கவனிக்க வேண்டியது, விவசாயி கேட்கும் கேள்வி 'இரண்டும் எப்போது சமம்?' என்பதல்ல, 'எது மேல்?' என்பதே. சமமாகும் இடம் அவருக்கு எல்லைக்கல் மட்டும். கேள்வி பிறக்கும்போதே அசமன்பாடாகத்தான் பிறக்கிறது. அதைத் தீர்க்கும் வழியில் சமன்பாடு ஒரு நடுப்புள்ளியாக வந்துபோகிறது.

தெரியாத எண் இருபுறமும் வரும் கணக்கு தனியான ஒன்று என்பதை இந்தியக் கணிதம் வெகு முன்பே கண்டுகொண்டது. கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் 28ஆம் செய்யுள் தலைகீழ் முறையைச் சொல்கிறது: கடைசி விடையிலிருந்து பின்னோக்கி வந்து, பெருக்கிய இடத்தில் வகுத்து, கூட்டிய இடத்தில் கழித்து, தொடங்கிய எண்ணைக் கண்டுபிடிப்பது. ஒரு பக்கம் மட்டும் தெரியாத எண் இருக்கும் கணக்குக்கு இது போதும். 30ஆம் செய்யுள் வேறொரு நிலைமையை எடுக்கிறது. இருவரிடம் விலை தெரியாத ஒரே வகைப் பொருள்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கின்றன. கையில் வெவ்வேறு அளவு காசும் இருக்கிறது. மொத்தச் செல்வம் சமம். பொருளின் விலையைக் காண, காசுகளின் வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும் என்பது விதி. இங்கே தலைகீழ் முறை செல்லாது. பின்னோக்கி வருவதற்குத் தெரிந்த கடைசி விடை என்று ஒன்றும் இல்லை. அடுத்த செய்யுளான 31, இரண்டு கோள்கள் சந்திக்கும் நேரத்தைச் சொல்கிறது: ஒரே திசையில் போனால் இடைவெளியை வேகங்களின் வித்தியாசத்தால் வகு, எதிர்த் திசையில் போனால் கூட்டுத்தொகையால் வகு. காசுக் கணக்கும் கோள் கணக்கும் அடுத்தடுத்து வைக்கப்பட்டதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டிலும் நடப்பது ஒன்றே: ஒரு தொடக்க வித்தியாசம் இருக்கிறது, அது சீரான வீதத்தில் கரைகிறது, எப்போது தீர்ந்துபோகும் என்பதே கேள்வி.

628இல் பிரம்மகுப்தர் இதைப் பொது விதியாக்கினார். கடனுக்கும் செல்வத்துக்கும், அதாவது குறை எண்ணுக்கும் மிகை எண்ணுக்கும், செயல் விதிகளை வகுத்ததும் அவர்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஒருவரிடம் 300 காசும் ஆறு குதிரைகளும். இன்னொருவரிடம் அதே விலையுள்ள பத்துக் குதிரைகள், ஆனால் 100 காசு கடன். இருவரும் சம செல்வர். குதிரையின் விலை என்ன? காசின் வித்தியாசம் 400, குதிரையின் வித்தியாசம் நான்கு, விலை 100. கடன் என்று சொன்னவுடன் குறை எண் எவ்வளவு இயல்பாக உள்ளே வந்து உட்காருகிறது பாருங்கள். நம் மரவள்ளிக் கணக்கிலும் 9,000 ரூபாய் லாரி வாடகை இதே கடன்தான். டன்னுக்கு 1,200 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் ஆலை விலை அந்தக் கடனை ஏழரை டன்னில் அடைக்கிறது.

தெரியாத எண் ஒருபுறம் மட்டும் வரும் கணக்குக்கும் இருபுறமும் வரும் கணக்குக்கும் இடையே உள்ள பள்ளத்தை நவீனக் கல்வி ஆய்வு தன் வழியில் மறுபடி கண்டுபிடித்தது. மெக்சிகோவைச் சேர்ந்த யூஜெனியோ ஃபியோய், தெரேசா ரொஹானோ ஆகியோர் 1989இல் வெளியிட்ட கட்டுரையில், எண்கணிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் நடுவே ஒரு வெட்டு இருப்பதாகவும், தெரியாத எண் இருபுறமும் வரும் இடத்திலேயே அந்த வெட்டு விழுவதாகவும் காட்டினார்கள். 3ய + 5 = 20 என்பதை மாணவர் இயற்கணிதமே இல்லாமல் தீர்த்துவிடுவார்: 20இல் 5 போனால் 15, மூன்றால் வகுத்தால் 5. 3ய + 5 = ய + 17 என்று எழுதினால் அந்தத் தந்திரம் செல்லாது. தெரியாத எண்ணையே எடுத்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. தெரியாததைக் கையாளுவது எண்கணிதத்தில் இதுவரை அவர் செய்யாத வேலை. 1994இல் ஹெர்ஸ்கோவிக்ஸ், லின்செவ்ஸ்கி இருவரும் பள்ளத்தை இதே இடத்தில்தான் வைத்தார்கள்: மாணவரால் தெரியாத எண்ணின் மீது தாமாகச் செயல்புரிய முடிவதில்லை. ஆரியபடரின் 28க்கும் 30க்கும் நடுவே உள்ள தூரம் இதுதான் என்று சொல்வது மிகையாகாது.

பள்ளத்தை ஆழமாக்குவது இன்னொன்று. தொடக்க வகுப்புகளில் சமக்குறியைப் பிள்ளைகள் 'விடை இதோ' என்று சொல்லும் அம்புக்குறியாகவே பழகுகிறார்கள். அமெரிக்காவில் ஃபாக்னர், லெவி, கார்ப்பென்டர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பேர்போனது. 8 + 4 = □ + 5 என்ற கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் கொடுத்தபோது, ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை; எல்லோரும் 12 அல்லது 17 என்றார்கள். வலப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. 2006இல் நூத்தும் அவர் குழுவினரும் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வு, சமக்குறியை உறவாகப் புரிந்துகொண்டவர்களே சமன்பாடுகளை நன்றாகத் தீர்க்கிறார்கள் என்று காட்டியது. அப்படியானால் பழுது, இருபுறமும் தெரியாத எண் பாடமாக வரும் எட்டாம் வகுப்பில் தொடங்கவில்லை. எட்டாம் வகுப்பில் வெளியே தெரிகிறது, அவ்வளவே. என் வாதத்துக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. பெரிது, சிறிது என்ற குறிகளை குழந்தைகள் விடை சொல்லும் அம்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு குறைவு; 8 + 4 > 6 + 5 என்று எழுதினால் இருபுறமும் பார்த்தே ஆக வேண்டும். சமக்குறிக்கு இல்லாத ஒப்பிடும் பழக்கம் அசமன்குறியோடு ஒட்டிப் பிறக்கிறது.

நம் வகுப்பறைகளில் இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு மந்திரம் இருக்கிறது: 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். வேகமான வழி; தேர்வில் மதிப்பெண்ணும் வரும். ஆனால் எண் எப்படிப் பக்கம் தாண்டுகிறது என்று கேட்டால் மந்திரத்துக்குப் பதில் தெரியாது. அதனால்தான் 5ய = 20 என்பதில் ஐந்தைத் தாண்டவைத்து −5 என்று எழுதுகிறவர்கள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். 3ய = 5ய என்று கொடுத்தால் இருபுறமும் ய-வை அடித்துவிட்டு 3 = 5 என்று நிறுத்துகிறவர்களும் உண்டு; விடை பூஜ்யம் என்பது அந்த அடித்தலிலேயே தொலைந்துபோகிறது. மந்திரத்துக்கு மாற்றாகப் பாடநூல்கள் தராசைக் காட்டுகின்றன: இரு தட்டிலும் ஒரே அளவு எடுத்தால் முள் அசையாது. தராசு நல்ல துணைதான். தெரியாத பொட்டலத்தை இரு தட்டிலிருந்தும் எடுக்கலாம் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதில் அதற்கு இணையில்லை. ஆனால் ஜோயல் விளாசிஸ் என்ற பெல்ஜிய ஆய்வாளர் 2002இல் சுட்டியபடி, குறை எண் வந்தவுடன் தராசு கைவிடுகிறது; −9000 கிலோவைத் தட்டில் வைக்க முடியாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு என்பது என் கருத்து. பாடநூலில் வரும் தராசு எப்போதும் சமநிலையிலேயே நிற்கிறது. நிஜத் தராசு பெரும்பாலான நேரம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சாய்ந்த தராசில் இரு தட்டிலிருந்தும் ஒரே அளவு எடுத்தாலும் சாய்வு மாறாது என்ற செய்தி சமநிலைச் செய்தியைவிட அடிப்படையானது. அசமன்பாட்டின் முதல் விதி அதுவே.

வித்தியாசத்தைப் பார்க்கும் வழி இந்த இரண்டு குறைகளையும் தாண்டிவிடுகிறது. மரவள்ளிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஐந்து டன் என்றால் வியாபாரியிடம் 35,000, ஆலையில் 32,000. வியாபாரி 3,000 மேல். ஏழு டன் என்றால் 49,000க்கு எதிரே 48,400. வியாபாரி 600 மேல். எட்டு டன் என்றால் 56,000க்கு எதிரே 56,600. இப்போது ஆலை 600 மேல். பத்து டன் என்றால் 70,000க்கு எதிரே 73,000. ஆலை 3,000 மேல். வியாபாரிக்குச் சாதகமான வித்தியாசம் பூஜ்ய டன்னில் 9,000 ரூபாயில் தொடங்கி, டன்னுக்கு 1,200 வீதம் கரைந்து, ஏழரை டன்னில் தீர்ந்து, பிறகு மறுபக்கம் வளர்கிறது. ஒரே அட்டவணை மூன்று பதில்களைத் தருகிறது: ஏழரைக்குக் கீழே வியாபாரி, ஏழரையில் சமம், மேலே ஆலை. சமன்பாட்டை மட்டும் தீர்த்து 'ய = 7.5' என்று கோடு போட்டு முடித்தால் மூன்றில் பயன் குறைந்த ஒன்றைத்தான் எழுதியிருக்கிறோம். சரியாக ஏழரை டன் விளைவிப்பவர் எத்தனை பேர்?

அசமன்பாட்டைப் பிந்தைய வகுப்புக்குத் தள்ளுவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், குறையெண்ணால் வகுக்கும்போது குறி திரும்பும் விதி பிள்ளைகளைக் குழப்பும் என்பது. குழப்புவது உண்மை. 7000ய > 8200ய − 9000 என்பதில் 8200ய-வை இடப்பக்கம் கொண்டுவந்தால் −1200ய > −9000 என்றாகும். −1200ஆல் வகுக்கும்போது குறியைத் திருப்ப மறந்தால் விடை தலைகீழாகும். விவசாயி தவறான லாரியில் ஏறுவார். ஆனால் அந்த வழியில் போகச் சொன்னது யார்? இருபுறமும் 9000 கூட்டி, இருபுறமும் 7000ய கழித்தால் 9000 > 1200ய. ஆகவே ய ஏழரைக்குக் குறைவு. குறி திரும்பவே இல்லை. ஒற்றை மாறி நேரிய அசமன்பாடுகள் எல்லாவற்றையும் இப்படிக் குறைக் கெழு வராமலேயே தீர்க்கலாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் எழுதிய அல்-குவாரிஸ்மி சமன்பாட்டில் குறை உறுப்பை நிற்கவிடவில்லை. கழித்தல் இருக்கும் இடத்தில் இருபுறமும் கூட்டி நிரப்பிவிடுவதே அவர் முறையின் முதல் படி. அந்தப் பழக்கத்தை எட்டாம் வகுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பும் விதியைக் காரணத்தோடு பிறகு கற்பிக்கலாம். காரணம் கடினமானதல்ல: 2 என்பது 3ஐவிடச் சிறியது, −2 என்பது −3ஐவிடப் பெரியது, எண்கோட்டில் பூஜ்யத்தைக் கண்ணாடியாக வைத்தால் வரிசை புரண்டுவிடும்.

விடையின் தகுதியைப் பார்க்கச் சொல்வதும் அசமன்பாடுதான். கரும்பு விலையிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. 2024-25 பருவத்தில் எஃப்.ஆர்.பி. 340 ரூபாய், 0.1 சதவீதத்துக்கு 3.32 ரூபாய். அடுத்த ஆண்டு 355, 3.46. இரண்டு ஆண்டு விலையும் எந்தப் பிழிதிறனில் சமமாகும்? 340 + 33.2(ய − 10.25) = 355 + 34.6(ய − 10.25) என்று எழுதி, வித்தியாசம் பார்த்தால் 1.4(ய − 10.25) = −15; ய சுமார் −0.46. சமன்பாட்டுக்கு விடை உண்டு, ஒரே விடை, கணக்கில் பிழையும் இல்லை. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே பிழிதிறன் உள்ள கரும்பு எந்தக் கொல்லையிலும் விளையாது. 9.5க்குக் கீழே சூத்திரமே செல்லாது என்று ஆணை சொல்லிவிட்டது. அந்தத் தட்டை விலைகளிலும் 315.10க்கு எதிரே 329.05. ஆகவே சரியான பதில்: எந்தக் கரும்புக்கும் புது விலையே மேல். இதைச் சொல்ல அசமன்பாடு இல்லாமல் முடியாது. இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கையும் பார்த்துவிடலாம். 2024-25 பருவத்தில் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள கரும்புக்கு டன்னுக்கு 3,151 ரூபாய் எஃப்.ஆர்.பி.; அதன்மேல் தமிழ்நாடு அரசு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்து 3,500 ஆக்கியது. ஊக்கத்தொகை இல்லாமல் சூத்திரத்தின் வழியே 3,500 ரூபாயைத் தொட வேண்டுமானால் பிழிதிறன் ஏறக்குறைய 10.55 சதவீதம் இருக்க வேண்டும். ஊக்கத்தொகை எவ்வளவு தூரத்தை நிரப்புகிறது என்பது இந்த ஒரு வரிக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. எந்தப் போராட்ட மேடையிலும் சட்டமன்றத்திலும் பேசப்படத் தக்க எண் இது.

விடையே இல்லாத சமன்பாடும், எல்லா எண்ணும் விடையாகும் சமன்பாடும் பாடநூலில் விதிவிலக்குகள்போல ஓரத்தில் கிடக்கின்றன. இரு வியாபாரிகளும் ஒரே விலை தந்து, ஒருவர் மட்டும் 500 ரூபாய் தரகு பிடித்தால் இருவரும் ஒருபோதும் சமமாக மாட்டார்கள். வித்தியாசம் கரைவதே இல்லை. தரகும் இல்லையென்றால் எந்த எடைக்கும் இருவரும் சமம். அவ்வளவுதான் விஷயம்.

தீர்ப்பதைவிட எழுதுவது கடினம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே ய-வை டன் என்று வைத்தேன். உண்மையில் பல விவசாயிகளுக்கு எடை ஏறக்குறையத் தெரியும், தெரியாதது பாயிண்ட். ஆலைகள் கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் என்று அளந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகின்றன. பத்து டன் கிழங்கு, டன் ஒன்றுக்குப் பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் ஆலையில் மிஞ்சுவது 3000ய − 9000; வியாபாரியிடம் 70,000. ய 26.33க்கு மேல் இருந்தால்தான் லாரி பிடிப்பது லாபம். அதாவது 27 பாயிண்ட் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். எதைத் தெரியாத எண்ணாக எடுப்பது என்ற முடிவே கணக்கின் பாதி. அந்தப் பாதியைப் பாடநூல் 'ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு ஐந்தைக் கூட்டினால்' என்று தானே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். நிஜ வாழ்க்கை எண்கள் அழுக்கானவை. வகுப்பறைக்குத் தூய எண்கள் வேண்டும். லாரியும் பாயிண்டும் வந்தால் கணிதம் அவற்றின் அடியில் புதைந்துவிடும். எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. லாரியின் கொள்ளளவு பத்து டன் என்று ஒரு வரி சேர்த்தாலே மரவள்ளிக் கணக்கு உருமாறும்: பதினொரு டன்னுக்கு இரண்டு நடை, 18,000 வாடகை, முழுவதையும் வியாபாரிக்கு விற்பதைவிட ஆலைக்கு அனுப்புவது பதினைந்து டன் தாண்டினால்தான் லாபம். பத்து டன்னுக்கு மேல் உள்ள மிச்சம் ஏழரை டன்னைத் தாண்டாதவரை, பத்தை ஆலைக்கும் மிச்சத்தை வியாபாரிக்கும் கொடுப்பது புத்திசாலித்தனம். இது நேரிய சமன்பாட்டுக்கு வெளியே போய்விட்டது என்று ஆசிரியர் சலித்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது வேறு: சூத்திரம் எங்கே நின்றுவிடுகிறது என்று கண்டுபிடிப்பதும் கணிதம்தான், அந்த நிறுத்தக்கோட்டை எழுதும் மொழி அசமன்பாடுதான். திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியும், காரி நாயனாரின் கணக்கதிகாரமும் நிலம், நெல், பொன் என்று ஊரின் அளவுகளிலேயே கணக்கை நடத்தின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூலில், அந்தப் பள்ளிகளின் மனப்பாடம் பொருளற்ற ஒப்புவித்தல் அல்ல, ஊரின் அளவை நடைமுறைகளோடு பிணைந்த பயிற்சி என்று விரிவாக வாதிடுகிறார். சாதியும் நில உடைமையும் அந்தப் பயிற்சியை யாருக்குக் கொடுத்தன, யாருக்கு மறுத்தன என்பது தனிக் கதை. அதை மறந்து பழம்பெருமை பேசக் கூடாது. ஆயினும் கணக்குக்கும் ஊருக்கும் உறவு இருந்தால் கணக்கு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியிலோ தியாகதுருகம் ஒன்றியத்தின் அரசுப் பள்ளியிலோ படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு வகுத்தலே தடுமாறும்போது, வித்தியாசம், எல்லை என்று பேசுவது ஆடம்பரம். ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்துத் தேர்ச்சி பெற வைப்பதே கருணை என்கிறார்கள். கருணையை நான் சந்தேகிக்கவில்லை, கணிப்பைச் சந்தேகிக்கிறேன். வகுத்தல் தடுமாறும் பிள்ளைக்கும் 49,000 பெரிதா 48,400 பெரிதா என்று தெரியும். ஒப்பிடுவதிலிருந்து தொடங்கும் வழியில் அவர் முதல் நிமிடத்திலேயே உள்ளே வந்துவிடுகிறார். குறிமாற்ற விதியில் தொடங்கினால் கடைசிவரை வெளியே நிற்கிறார். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் ராக்கி பானர்ஜி, கே. சுப்ரமணியம் இருவரும் ஆறாம் வகுப்பு மாணவர்களோடு பல கட்டங்களாகச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதே பக்கம்தான் சாய்கிறது. எண்கோவைகளை உடனே விடை காணாமல் உறுப்புகளாகப் பார்த்து, எது எதற்குச் சமம், ஏன் சமம் என்று பேசப் பழகியவர்களுக்கு இயற்கணிதத்தின் வாசல் எளிதாகத் திறந்தது. ஆர். ராமானுஜம் தலைமையில் உருவான 2005 தேசியக் கலைத்திட்டத்தின் கணிதக் குழு அறிக்கையும் குறுகிய செயல்திறனிலிருந்து கணித முறையில் சிந்திப்பதற்கு நகரச் சொன்னது. இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

பாடத்திட்டத்தின் நிலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் இருபுறமும் மாறி வரும் சமன்பாட்டை எட்டாம் வகுப்பில் வைத்து, நேரிய அசமன்பாட்டைப் பதினொன்றாம் வகுப்புவரை தள்ளின. கணிதத்தைப் பாடமாக எடுக்காத மாணவர் அதைப் பார்க்காமலேயே பள்ளியை விட்டுப் போய்விடுவார். தமிழ்நாட்டுப் பாடநூல் இதில் ஒரு படி மேல். ஏழாம் வகுப்பிலேயே எளிய அசமன்பாடுகளை எண்கோட்டில் குறிக்கச் சொல்கிறது. ஆனால் அங்கே தெரியாத எண் இருபுறமும் வருவதில்லை. எட்டாம் வகுப்பில் இருபுறமும் வரும்போது அசமன்பாடு கூட வருவதில்லை. இரண்டும் ஒரு வருட இடைவெளியில் ஒன்றையொன்று தவறவிடுகின்றன.

மேல்கணிதம் எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் தெளிவானது. 1939இல் லெனின்கிராடில் கண்டோரோவிச் ஒட்டுப்பலகை ஆலையின் உற்பத்தியைத் திட்டமிடவும், 1947இல் அமெரிக்காவில் டான்ட்சிக் படைத்துறைத் திட்டமிடலுக்கும் உருவாக்கிய நேரியல் திட்டமிடல் அசமன்பாடுகளின் மேல் நிற்பது. 1984இல் நரேந்திர கர்மார்க்கர் கண்ட புது வழி அதே அசமன்பாடுகளை இன்னும் வேகமாகத் தீர்ப்பதற்கு. சமன்பாடுகள் அங்கே எல்லைச் சுவர்கள். விடை தேடப்படுவது அந்தச் சுவர்கள் அடைத்த இடத்தில்.

பாடநூலை நாளையே மாற்றி எழுத வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பின் நேரிய சமன்பாட்டுப் பயிற்சியில் ஒவ்வொரு வினாவின் அடியிலும் 'எந்த மதிப்புகளுக்கு இடப்பக்கம் பெரிது?' என்று ஒரு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி தேர்வுத் துறையின் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கட்டாய வினாக்களில் ஒன்றை, இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட்டு எது எதுவரை லாபம் என்று எழுதச் சொல்லும் கணக்காக ஆண்டுதோறும் வையுங்கள். தேர்வில் வருவது வகுப்பறைக்கு வந்துவிடும்; மற்றதை நம் கணித ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.